ஐந்து அலுமாரிக்கு ஒரு பட்டியல்: திருகோணமலையில் நூல் இரவல் பரிமாறத் தொடங்கிய அனுபவம்

போன வைகாசியில் எங்கள் வாசிகசாலைக்கு உயர்தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தி வந்து இந்து நாகரிகப் பாடத்துக்கு ஒரு நூலைக் கேட்டாள். இல்லை என்றேன். வேறு எங்கே இருக்கும் என்று கேட்டாள், தெரியாது என்றேன், போய்விட்டாள். இரண்டு கிழமை கழித்து வேறு அலுவலாகத் தம்பலகாமம் போனபோது அங்கே ஒரு சனசமூக நிலையத்து அலுமாரியில் அதே நூல் இரண்டு பிரதிகள் இருந்தன, ஒன்றில் முதுகு மடிந்த அடையாளம்கூட இல்லை. பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூடப் பிடிக்காத தூரம். நூல் இருந்திருக்கிறது, அதைத் தேடிய பிள்ளையும் இருந்திருக்கிறாள், நடுவில் இருந்த எனக்குத்தான் அது தெரியவில்லை. அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை வரவில்லை.

அதிலிருந்து தொடங்கிய வேலை இது. இப்போது பங்குனி. தங்கள் ஊரில் இப்படிச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும் என்று, பிழைவிட்ட இடங்களையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

மொத்தம் ஐந்து இடங்கள். நகரத்தில் எங்கள் வாசிகசாலை, ஓய்வுபெற்ற நூலகர் ஐயா ஒருவர் வீட்டு முன்னறையில் வைத்திருக்கும் சேகரிப்பு, அந்தத் தம்பலகாமத்துச் சனசமூக நிலையம், கிண்ணியாவில் ஒரு வாசிகசாலை, மூதூரில் ஒரு பாடசாலை நூலகம். எல்லாவற்றையும் கூட்டினால் 6,000 நூல்களுக்குக் கொஞ்சம் மேலே வரும். பெரிய நூலகம் ஒன்றின் ஒரு மூலைக்கே இது காணாது, ஆனால் ஐந்திலும் வேறு வேறு நூல்கள்தான் அதிகம். கிண்ணியாவில் இஸ்லாமிய வரலாறும் அரபுத்தமிழ் பற்றிய நூல்களும், தம்பலகாமத்தில் கோயில் மலர்களும், ஐயாவிடம் பழைய சஞ்சிகைக் கட்டுகளும், மூதூரில் பாட நூல்களும் விஞ்ஞானமும். சேர்த்துப் பார்த்தால்தான் அது ஒரு நூலகம்.

முதலில் செய்தது ஒரு வட்ஸ்அப் குழு. யாராவது ஒரு நூல் கேட்டால் குழுவில் போடுவது, வைத்திருப்பவர் பதில் சொல்வது என்று ஏற்பாடு. மூன்று கிழமைகூட ஓடவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து பேர் எழுந்து போய் அலுமாரியைத் திறந்து தேட வேண்டியிருந்தது, வேலைக்குப் போகிறவர்களால் அது முடியாது, பிறகு கேட்பவர்களுக்கும் கூச்சம் வந்துவிட்டது. அப்போதுதான் மற்ற நாடுகளில் எப்படிச் செய்தார்கள் என்று உட்கார்ந்து வாசித்தேன். அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் 1967இல் கல்லூரி நூலகங்கள் கூடி ஓசிஎல்சி என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் கட்டியது பொதுப் பட்டியலை, அதன் வழியே ஒரு நூலகம் இன்னொன்றிடம் இரவல் கேட்கும் வசதி 1979இல்தான் வந்தது. டெல்லியில் 1988இல் தொடங்கிய டெல்நெட்டும் கூட்டுப் பட்டியலை வைத்துக்கொண்டுதான் உறுப்பு நூலகங்களுக்கு இடையில் இரவல் நடத்துகிறது. சரி, முதலில் பட்டியல் என்று முடிவெடுத்தோம். பஸ், பை, கையெழுத்து எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பட்டியல் ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு கோலத்தில் இருந்தது. எங்களிடம் ஒரு தடித்த பதிவேடு, ஐயாவிடம் நாலு கொப்பி, மூதூரில் ஒரு பகுதிக்கு மட்டும் அட்டைகள், தம்பலகாமத்தில் ஒன்றுமே இல்லை. கிண்ணியாவில் மட்டும் கணினியில் தட்டியது இருந்தது. கிண்ணியா நானா அதை ஒரு பென்டிரைவில் போட்டுத் தந்தபோது எனக்குப் பெரிய நிம்மதி, 1,100 நூல் ஒரே நாளில் ஏறிவிடும் என்று. அந்த 1,100 நூல்தான் ஒரு மாதத்தைச் சாப்பிட்டது, ஏனென்றால் அது பாமினியில் இருந்தது.

இலங்கையில் தமிழ் தட்டச்சு செய்தவர்களுக்குப் பாமினியைத் தெரியும். கோப்புக்குள் உண்மையில் இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளும், பாமினி எழுத்துரு அவற்றுக்கு மேலே தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. கிண்ணியாப் பட்டியல் அட்டவணையாக இல்லை. ஒரு வரிக்கு ஒரு நூல், தலைப்பு, ஆசிரியர், ஆண்டு என்று நடுவில் காற்புள்ளி. நான் அதை அப்படியே விரிதாளில் ஒட்டி, காற்புள்ளி வரும் இடமெல்லாம் வெட்டித் தனித்தனி நிரலாகப் பிரி என்று கட்டளை கொடுத்தேன். வெட்ட வேண்டிய இடத்தில் வெட்டு விழவில்லை, தலைப்பும் ஆசிரியரும் ஆண்டும் ஒரே கட்டத்தில் ஒட்டிக்கொண்டு நின்றன. ஆனால் நூற்றுக்கணக்கான தலைப்புகள் நடுவில் உடைந்திருந்தன. "லங்கை வரலாறு" என்று ஒரு வரி, "லக்கியக் கட்டுரைகள்" என்று ஒன்று, "ஸ்லாமியப் பண்பாடு" என்று இன்னொன்று. அரை நாள் பார்த்த பிறகுதான் பிடிபட்டது: பாமினியில் "இ" என்ற எழுத்து கணினிக்குக் காற்புள்ளி. திரையில் நாம் காற்புள்ளியாகக் காண்பது வேறொரு குறியில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே இலங்கை, இந்து, இலக்கியம், இலக்கணம், இஸ்லாம் என்று தொடங்கும் சொல் வந்த இடமெல்லாம் வெட்டு விழுந்து "இ" தொலைந்துவிட்டது. எங்கள் அலுமாரிகளில் இந்த ஐந்து சொல்லில் ஒன்றாவது இல்லாத தட்டு ஒன்றைச் சொல்லுங்கள் பார்ப்போம். அரைப்புள்ளியில் வெட்டலாம் என்றாலும் ஆகாது, அது பாமினியில் மெய்யெழுத்தின் புள்ளி, ஒவ்வொரு மெய்யிலும் வெட்டு விழும்.

வழி இதுதான்: முதலில் முழுக் கோப்பையும், தமிழுக்கென்றே குறிகள் உள்ள பொது முறையான யூனிகோடுக்கு மாற்றுங்கள், பிறகு வெட்டுங்கள். மாற்றுவதற்கு முன் ஆங்கிலத் தலைப்புகளைத் தேடி வேறு கோப்பில் எடுத்து வையுங்கள், மாற்றும் மென்பொருள் அவற்றையும் பாமினி என்று நினைத்து வாயில் நுழையாத தமிழாக ஆக்கிவிடும். எங்களுக்கு 80 வரி அப்படிப் போய், கிண்ணியாவுக்கு இன்னொரு தரம் போய் நூல்களைப் பார்த்தே திருத்தினோம். மூலக் கோப்பின் ஒரு பிரதியைத் தொடாமல் வைத்திருந்தபடியால் மிச்சம் தப்பியது.

அதற்கு அடுத்த சிக்கல் இன்னும் நுணுக்கமானது. இரண்டு மாதம் கழித்துப் பட்டியலில் "கோணேசர்" என்று தேடினேன். திருகோணமலைப் பட்டியலில் அந்தச் சொல்லைத்தானே முதலில் தேடுவோம். 3 நூல் என்று காட்டியது. என் கையால் ஏற்றியதே அதைவிடக் கூட. தாளை மேலும் கீழும் உருட்டிப் பார்த்தால் கண்ணுக்கு முன்னால் "கோணேசர்" என்று பளிச்சென்று நிற்கிறது, தேடலில் மட்டும் வரவில்லை. ஒரு கட்டத்துக்குள் போய், "கோ"வுக்குப் பின்னால் நின்று ஒருமுறை அழித்தேன், "கே" ஆனது. இன்னொரு கட்டத்தில் அதே மாதிரி அழித்தேன், "க" மட்டும் மிஞ்சியது. விஷயம் அங்கேதான் இருந்தது. "கோ"வை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதி வைக்கலாம், ககரத்துக்குப் பிறகு இரட்டைக் கொம்பும் அரவும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது இரட்டைக் கொம்பு தனி, அரவு தனி என்று இரண்டு குறியாக. நியமப்படி இரண்டும் சமம், கண்ணுக்கும் ஒன்றுதான், ஆனால் தேடும் மென்பொருள் அவற்றைச் சமப்படுத்திப் பார்க்க வேண்டும், நாங்கள் பாவித்தது பார்க்கவில்லை. பாமினியிலிருந்து மாறி வந்தவை எல்லாம் இரண்டு குறியாக இருந்தன, நாங்கள் போனில் தட்டியவை ஒரே குறி. "கண்டுபிடித்து மாற்று" என்ற வசதியால் ஒகரம், ஓகாரம் இரண்டுக்கும் முழுத் தாளிலும் ஒரே விதமாக ஆக்கினோம். பத்து நிமிட வேலை. அதன் பிறகு 14 "கோணேசர்" வந்தார். பட்டியல் போடுகிறவர்கள் இதை முதல் நாளே செய்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இருக்கிற நூலை இல்லை என்று சொல்லும் பழைய நிலைக்கே போய்விடுவோம்.

ஆசிரியர் பெயர்களில் இன்னொரு சிக்கல். திருகோணமலையில் பிறந்து 1895இல் தமிழின் முதல் வரலாற்று நாவலான மோகனாங்கியை எழுதிய தி. த. சரவணமுத்துப்பிள்ளையே எங்கள் பட்டியலில் மூன்று ஆளாக இருந்தார்: "சரவணமுத்துப்பிள்ளை", "சரவணமுத்துப் பிள்ளை", "சரவணமுத்துபிள்ளை". முதலெழுத்து ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால். நமது முதலெழுத்து தகப்பன் பெயரோ ஊர்ப் பெயரோ ஆகையால், ஆளின் பெயரை முதலில் எழுதி முதலெழுத்தைப் பின்னால் போடுவது என்று முடிவெடுத்து, ஒற்று, இடைவெளி எல்லாவற்றுக்கும் ஒரு சிறிய கொப்பியில் தீர்ப்பு எழுதி வைத்தோம். அந்தக் கொப்பியை எழுதி வைத்திருப்பது மூதூர் ரீச்சர். ஒரு பெயருக்கு ஒரு வடிவம்தான், சந்தேகம் வந்தால் அவரிடம்தான் கேட்க வேண்டும். ஐந்து பேர் ஐந்து மாதிரி எழுதுவதை இதைவிட நல்ல வழியில் நிறுத்த முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், நினைவு மலர் இவற்றுக்கு ஆசிரியரே இல்லை, ஐஎஸ்பிஎன் என்ற நூல் எண்ணும் இல்லை. ஆனால் ஊர் வரலாறு தேடி வருகிறவர் கேட்பதெல்லாம் இவற்றைத்தான். ஆகவே இவற்றுக்கு மட்டும் ஊர், நிறுவனம், ஆண்டு என்று மூன்று நிரல் கூடுதலாகப் போட்டோம். ஐஎஸ்பிஎன் இருக்கும் நூல்களில் ஒரு கவனம்: 2007க்கு முன் வந்தவற்றில் 10 இலக்கம், அதன் பிறகு 13. ஒரே நூலின் இரண்டு அச்சு இரண்டு எண்ணோடு நிற்கும். இலங்கை நூல் என்றால் 955 அல்லது 624 என்ற தொடர் உள்ளே இருக்கும்.

மற்ற நிரல்கள் சாதாரணமானவை: தலைப்பு, ஆசிரியர், வெளியீடு, ஆண்டு, டூயி எண் (நூலைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் எண்), எந்த இடம், பதிவு இலக்கம், நிலைமை, வெளியே கொடுக்கலாமா. டூயி எண்ணில் தமிழ் இலக்கியத்துக்கு 894.811, இலங்கை வரலாற்றுக்கு 954.93 என்று ஏழெட்டு எண்ணை ஒரு மட்டையில் எழுதி அலுமாரிக் கதவில் ஒட்டிவிட்டால் பிள்ளைகளே வகை பிரிப்பார்கள். பின்னாளில் கோஹா மாதிரி நூலக மென்பொருளுக்கு மாறும் எண்ணம் இருப்பதால், ஒவ்வொரு நிரலின் தலையிலும் அதற்குரிய மார்க் 21 (நூலக மென்பொருள்கள் பாவிக்கும் பொதுப் பதிவு முறை) எண்ணையும் குறித்தோம், தலைப்புக்கு 245, ஆசிரியருக்கு 100, ஐஎஸ்பிஎன்னுக்கு 020. கோஹா நியூசிலாந்தில் ஒரு மாவட்ட நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000 தை மாதம் ஓடத் தொடங்கியது, இலவசம், தமிழும் ஏற்கும். எங்களிடம் இப்போது இருக்கும் மடிகணினி அதற்குத் தாங்காது. அவசரமும் இல்லை.

பட்டியல் முடிந்ததும் அச்சடித்து ஐந்து இடத்திலும் ஒவ்வொரு பிரதி வைத்தோம். இணையத்தில் இருந்தால் போதாதா என்று நான் கேட்டதற்கு ஐயா ஒரேயடியாக மறுத்துவிட்டார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது 97,000 அளவில் நூல்கள் போன நாடு இது, ஒரு பட்டியல் ஒரே இடத்தில் இருக்கக்கூடாது என்றார். மறுபேச்சுப் பேசவில்லை.

ஆனால் தன் நூலை இரவல் கொடுக்க அதே ஐயாவைச் சம்மதிக்க வைக்க மூன்று தரம் அவர் வீட்டுக்குப் போனேன். "தம்பி, நான் குடுத்ததில திரும்பி வந்ததை விட வராததுதான் கூட" என்றார். அவர் சொல்வது உண்மை, பேர் சொல்லிச் சொல்லி எண்ணிக் காட்டினார். நூலகங்களுக்கான உலக அமைப்பான இஃப்லா இதற்கு ஒரு விதி வைத்திருக்கிறது, அதன் முதல் வடிவம் 1954இல் வந்தது: கொடுக்கும் நூலகத்தை விட்டு நூல் வெளியேறிய நேரத்திலிருந்து திரும்பி உள்ளே வரும் வரை பொறுப்பு முழுக்கக் கேட்ட நூலகத்துக்கு. வாசகர் யார் என்பதுகூடக் கொடுத்தவருக்குத் தெரிய வேண்டியதில்லை. "ஐயா, நீங்க பிள்ளையளுக்குக் குடுக்கேல்லை, எங்கட வாசிகசாலைக்குத்தான் குடுக்கிறியள். துலைஞ்சால் நாங்கள் வாங்கித் தருவம், கிடைக்காட்டில் நீங்க சொல்லுற காசு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். முதல் தரம் இரண்டு நூல் தந்தார், இரண்டும் நாள் தவறாமல் திரும்பின. இப்போது பழைய சஞ்சிகைக் கட்டையும் உசாத்துணை நூல்களையும் தவிர மற்றது எல்லாம் தருகிறார்.

கோரிக்கைத் துண்டு காபன் தாள் வைத்து மூன்று பிரதி: ஒன்று கேட்டவரிடம், ஒன்று கொடுத்தவரிடம், ஒன்று நூலோடு. தவணை 21 நாள், ஒரு தரம் நீடிக்கலாம். தொடக்கத்தில் ஒரு நூல் வேறு இடத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. பழைய நூல்களில் இரண்டு மூன்று இடத்து முத்திரை ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், எடுத்துப் போனவர் கண்ணில் பட்ட முத்திரையை நம்பிவிட்டார். அதிலிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிறத்தில் தடித்த மட்டைப் பட்டி வெட்டி நூலுக்குள் வைக்கிறோம், தலை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். நூலில் எதையும் ஒட்டுவதில்லை. ஒட்டுநாடாவின் பசை பத்து வருடத்தில் தாளைத் தின்றுவிடும்.

போக்குவரத்துக்குத் தனி ஆள் தேவைப்படவில்லை. மூதூர் ரீச்சர் கிழமையில் இரண்டு நாள் நகரத்துக்கு வருகிறார், வழியில் கிண்ணியா. முன்பு அங்கே கடல் வாயைப் பாதை என்ற மிதவையில் ஏறித்தான் கடக்க வேண்டும், 396 மீற்றர் நீளப் பாலம் 2009 ஒக்டோபரில் திறந்த பிறகுதான் பஸ்ஸில் இருந்தபடியே வர முடிகிறது. தறப்பாளில் ஒரு பை தைப்பித்தோம், உள்ளே பழைய போர்வைத் துணி. அதில் எட்டு நூல் பிடிக்கும்.

கார்த்திகை மாரியில் ஒரு நாள் பையின் வாயைச் சரியாகக் கட்டவில்லை, ஒரு நூலின் கீழ் மூலை ஊறிப் போனது. எங்கள் பொறுப்பில் இருந்த நேரம். வெயிலில் வைக்கலாம் என்றார்கள், வைக்கவில்லை, வெயிலில் காய்ந்த தாள் முறுகி நெளிந்துவிடும். நூலை நிமிர்த்தி, விசிறி போல விரித்து, மின்விசிறிக் காற்றில் வைத்துவிட்டு, பத்துப் பக்கத்துக்கு ஒரு வெள்ளைத் தாள் செருகி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருக்கால் அந்தத் தாள்களை மாற்றினேன். பத்திரிகைத் தாள் வேண்டாம், மை ஏறும். முக்கால்வாசி காய்ந்ததும் இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து மேலே கல் ஏற்றி மூன்று நாள். மூலையில் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று மிஞ்சியது, மற்றபடி நூல் பிழைத்தது. நூலைக் கொண்டுபோய் நானாவிடம் கொடுத்து நடந்ததைச் சொன்னபோது, அவர் அந்த மூலையைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, அடுத்தது என்ன வேணும்?" என்று கேட்டார்.

வெளியே அனுப்ப முடியாத பழைய சஞ்சிகைகளுக்குப் பக்கப் பிரதி எடுக்கிறோம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், ஒருவர் தன் படிப்புக்காகக் கேட்டால் ஒரு கட்டுரையையோ சிறு பகுதியையோ ஒரு பிரதி எடுத்துக் கொடுக்க நூலகத்துக்கு இடம் தருகிறது. முழு நூலையும் எடுத்துத் தருவது அதில் வராது. பதிப்புரிமை ஆசிரியர் இறந்து 70 ஆண்டு வரை நீளும். போனில்தான் எடுக்கிறோம். பக்கத்தின் மேல் ஜன்னல் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்தால் வளைவு போய்விடும், விளக்கு மேலே இருந்தால் கண்ணாடியில் அடிக்கும், பக்கவாட்டில் ஜன்னல் வெளிச்சம் நல்லது. கண்ணாடியின் விளிம்பைத் தேய்த்து மழுக்கிவிடுங்கள். ஆனால் இதற்கெல்லாம் முன்னால் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகத்தில் ஒருக்கால் பாருங்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மலர்களையும் அவர்கள் ஏற்றி வருகிறார்கள், எங்களிடம் கேட்கப்பட்டவற்றில் சில அங்கேயே முழுதாகக் கிடைத்தன.

அந்தப் பிள்ளைக்கு நூல் போய்ச் சேர்ந்தது. பட்டியல் முடியும் வரை காத்திருக்கவில்லை, ஆனியிலேயே நான் நேரே போய் வாங்கி வந்து கொடுத்தேன். துண்டில்லாமல் கொடுத்த ஒரே நூல் அதுதான்.

இப்போது ஒரு கோரிக்கை மட்டும் நிறைவேறாமல் நிற்கிறது. தம்பலகாமத்திலிருந்து ஒரு பெரியவர், ஆதிகோணேசர் கோயில் பற்றிய பழைய சிறு நூல் ஒன்றைக் கேட்டிருக்கிறார். சின்ன வயதில் தகப்பன் வாசித்துக் காட்டியதாம், ஆண்டு நினைவில்லை. ஐந்து இடத்திலும் இல்லை, எண்ணிம நூலகத்திலும் பார்த்துவிட்டேன். போன திங்கள் கொழும்புத் தேசிய நூலகத்துக்குக் கடிதம் எழுதினேன், கோணேசபுரியில் இருக்கும் கிழக்குப் பல்கலைக்கழக வளாக நூலகத்துக்கும் ஒரு பிரதி. நூலின் பெயரைப் பெரியவர் சொன்னபடி எழுதி, அதற்குக் கீழே அந்தப் பெயரை வேறு எப்படியெல்லாம் எழுதியிருக்கலாம் என்று நாலு விதமாகவும் எழுதி அனுப்பியிருக்கிறேன்.